மாதிரிக் கப்பலின் கயிறும் தளமும்: எதற்கு மெனக்கெடலாம், எதை விட்டுவிடலாம்

கப்பலின் உடலுக்குப் பலகை ஒட்டி, தேய்த்து, தாங்கியில் நிமிர்த்தி வைத்தாயிற்று. பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று சொல்லலாம். மீதிப் பாதியில்தான் பெரும்பாலான மரக் கப்பல் மாதிரிகள் அலமாரி மேல் ஏறித் தூசி படிகின்றன. வேலை கஷ்டம் என்பது மட்டுமே காரணமல்ல. உடல் கட்டும்போது வரைபடம் சொன்னபடி செய்தால் போதும். கயிறு கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் மூன்று நான்கு வழிகள் முளைக்கின்றன. எந்த நூல், எந்தப் பசை, தளத்தில் இணைப்புக் கோடு வேண்டுமா, பாய் கட்டுவதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கியே ஆர்வம் வடிந்துவிடுகிறது.

நான் தேர்வு செய்வது ஒரே அடிப்படையில்தான். விட்டுப்போன ஒரு பொருளைப் பார்ப்பவரின் கண் அவ்வளவு எளிதில் தேடாது. ஆனால் அளவுக்கு மீறித் தடித்ததை, மினுங்குவதை, அடர்ந்த நிறத்தை உடனே பிடித்துவிடும். கீழே சொல்பவை எல்லாம் இந்தக் கோணத்தில்தான்.

முதலில் தடிமன்

பாய்மரக் கப்பல் காலத்து அட்டவணைகளில் கயிற்றின் அளவு சுற்றளவாகவே இருக்கும், விட்டமாக இருக்காது. 1794-ல் லண்டனில் டேவிட் ஸ்டீல் வெளியிட்ட அட்டவணைகளும் அப்படித்தான். இது தெரியாமல் அளவெடுத்தால் எல்லாக் கயிறும் மூன்று மடங்கு தடித்துவிடும். உதாரணமாக, 10 அங்குல ஷ்ரவுட் (பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கயிறு) என்றால் 3.14-ஆல் வகுக்க வேண்டும். விட்டம் ஏறக்குறைய 81 மி.மீ. 1:64 அளவில், அதாவது நிஜத்தில் 64-ல் ஒரு பங்காகக் கட்டும்போது, அது 1.26 மி.மீ., 1:96 அளவில் 0.84 மி.மீ. பாயை இழுக்கும் 3 அங்குலக் கயிறு இதே கணக்கில் 0.38, 0.25 மி.மீ. என்று வரும்.

கிட்டோடு, அதாவது மாதிரிக்கான பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வரும் நூல் பெரும்பாலும் மூன்று, நான்கு தடிமன்களில்தான் இருக்கும். உண்மையான கப்பலில் அதைவிட நிறைய வகை உண்டு. எட்டு அல்லது பத்துத் தடிமன்களாவது கையில் இருந்தால், வேறெதுவும் மாற்றாமலேயே மாதிரியின் தோற்றம் ஒரு படி ஏறும். கிட்டின் பாகங்களில் ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும் என்றால் நான் நூலைத்தான் மாற்றுவேன். பீரங்கியோ முகப்புச் சிற்பமோ அப்புறம்தான்.

கப்பலின் காலத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். 1765-ல் நீரில் இறங்கிய ‘விக்டரி’ போன்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் எல்லாமே சணல் கயிறு. 1869-ல் உருவான ‘கட்டி சார்க்’ என்ற கிளிப்பரில் (வேகச் சரக்குக் கப்பல்) பாய்மரத்தைத் தாங்கும் நிலைக்கயிறுகள் இரும்புக் கம்பி வடங்கள், அதனால் மெலிந்தவை. முன்னதற்கு வாங்கிய தடித்த கறுப்பு நூலைப் பின்னதற்கும் கட்டினால் கிளிப்பர் கப்பலின் ஒல்லியான அழகு போய்விடும்.

பருத்தி, லினன், பாலியஸ்டர், சொந்தத் திரிப்பு

பருத்தி நூல்தான் கிட்டில் வருவது. முடிச்சு நன்றாக நிற்கும், சாயம் ஏற்கும். குறை, அதன் பஞ்சு மயிர். 1:64-ல் அரை மில்லிமீட்டர் நூலில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இழை, நிஜக் கப்பலில் துருத்தி நிற்கும் கம்பி போல. சுடரின் மேல் வேகமாக ஓட்டி மயிரைப் பொசுக்கலாம், மெழுகு தடவிப் படிய வைக்கலாம். கொஞ்ச நாளில் மறுபடி எழும். காற்றின் ஈரப்பதம் மாறும்போது இறுகுவதும் தளர்வதும் பருத்தியில் அதிகம். பாய்மரத்தை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும், இறுக்கிக் கட்டிய ஸ்டே கயிறு ஒரு பருவம் கழித்துத் தொய்ந்து கிடக்கும்.

லினன் பழைய தலைமுறைக்காரர்களின் தேர்வு. நீடித்து உழைக்கும், இயற்கையான நிறம், நல்ல கனம். ஆனால் இழையில் இடையிடையே கட்டி கட்டியாக வரும். நல்லதைப் பொறுக்கி மற்றதைக் கழிக்க வேண்டும். இப்போது தரமான மெல்லிய லினன் நூல் கிடைப்பதும் அரிது. கையில் இருந்தால் பயன்படுத்துங்கள், தேடி அலைய வேண்டாம் என்பேன்.

பாலியஸ்டர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை. மயிர் குறைவு, ஈரத்துக்கு அசையாது, மிக மெல்லியது வரை கிடைக்கும். வாங்கும்போது பளபளப்பு இல்லாத வகையைப் பார்த்து எடுக்க வேண்டும். நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, உருகிவிடும். சாதாரணச் சாயம் ஏறாது, நிறம் பார்த்தே வாங்க வேண்டும். வழுக்குவதால் முடிச்சுக்கு ஒரு துளி பசை கட்டாயம். நைலான் வேறு விஷயம். அது இழுபடும், மினுங்கும். அதை ஒதுக்கிவிடலாம்.

நான்காவது வழி, சின்னக் கயிறு திரிப்பான் வைத்து நாமே திரிப்பது. மூன்று புரி முறுக்கு கண்ணுக்குத் தெரியும் கயிற்றைப் பார்த்த பிறகு வெறும் தையல் நூல் தட்டையாகத் தோன்றும், அது உண்மைதான். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைத் தையல் நூல் பெரும்பாலும் வலமுறுக்கு. அதை வைத்துத் திரித்தால், இழைகளை மேலும் வலப்பக்கம் முறுக்கி, பிறகு எதிர்ப்பக்கம் சேர்க்க வேண்டியிருக்கும். வருவது இடமுறுக்குக் கயிறு. பெரிய ஷ்ரவுட், ஸ்டே போன்ற நிலைக்கயிறுகள் பல கப்பல்களில் இடமுறுக்கு வடங்கள்தான், அதனால் அங்கே பொருந்தும். பாயை இயக்கும் ஓடுகயிறுகள் வலமுறுக்கு. அதற்கு இடமுறுக்கு நூல் தேட வேண்டும். இல்லையென்றால் திரித்த கயிறு வாங்குவது மேல். என் கணக்கில் 1:64-ம் அதைவிடப் பெரிய அளவும் என்றால் தடித்த நிலைக்கயிறுகளை மட்டும் திரிப்பது லாபம். 1:96-ல் ஒரு கை தூரத்திலிருந்து பார்த்தால் முறுக்கே தெரியாது, அந்த உழைப்பு வீண்.

நிறத்தில் ஒரு வார்த்தை. நிலைக்கயிறுகளுக்குப் பைன் தார் பூசுவார்கள், அது கரும்பழுப்பு. முழுக் கறுப்பு நூல் மாதிரியில் மையால் கோடு இழுத்ததுபோல் நிற்கும். அடர் பழுப்பு நூல்தான் கண்ணுக்கு இதமாகவும் உண்மைக்கு நெருக்கமாகவும் இருக்கிறது. ஓடுகயிறுகளுக்கு வெளிர் காக்கி. மஞ்சள் தூக்கலாக இருக்கும் நூல் பொம்மைத்தனம் தரும்.

மெழுகில் தேன்மெழுகா, மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகா என்று ஒரு பழைய சண்டை உண்டு. தேன்மெழுகு மலிவு, மயிரை நன்றாகப் படிய வைக்கும். ஆனால் லேசான அமிலத்தன்மை கொண்டது, தூசியையும் பிடித்துவைக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவான ரெனசான்ஸ் வேக்ஸ் போன்ற மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகுகள் அமிலம் இல்லாதவை. கண்ணாடிப் பெட்டிக்குள் பல பத்தாண்டுகள் இருக்கப்போகும் கப்பல் என்றால் இரண்டாவது. பாலியஸ்டர் நூலுக்குப் பெரும்பாலும் மெழுகே வேண்டாம்.

முடிச்சும் பசையும்

சூப்பர் க்ளூ நொடியில் பிடிக்கும், அந்த ஒன்றுதான் அதன் கவர்ச்சி. பட்ட இடத்தில் நூல் கம்பியாக விறைக்கும், வெள்ளைப் பூ பூக்கும், வளைந்தால் முறியும். தப்பாக ஒட்டினால் கழற்ற அசிட்டோன் வேண்டும், அது பக்கத்து வார்னிஷையும் சேர்த்துக் கரைக்கும். வெள்ளை மரப்பசையைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கரைத்துத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தால் முடிச்சுக்குள் உறிஞ்சப்பட்டு, காய்ந்த பிறகு தெரியாது. கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். மாற்ற வேண்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு இளக்கிவிடலாம். ஒரே சிக்கல், காத்திருக்க வேண்டும். நூல் முனையை விறைக்கவைத்துக் கப்பித் துளையில் நுழைக்க மட்டும் சூப்பர் க்ளூ வைத்துக்கொள்ளுங்கள். முனையை வெட்டி எறிந்துவிடப்போகிறோம், அதனால் பாதகமில்லை.

பொறுமையைச் சோதிக்கும் இடம் ராட்லைன், அதாவது மாலுமிகள் ஏறும் கயிற்று ஏணியின் படிகள். நிஜத்தில் படிக்குப் படி சுமார் 13 அங்குலம், 1:64-ல் 5.2 மி.மீ., 1:96-ல் 3.4 மி.மீ. மூன்று பாய்மரப் போர்க்கப்பலில் முடிச்சுகள் ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். இதற்கு மூன்று வழிகள்.

முதல் வழி ஒவ்வொரு ஷ்ரவுடிலும் கிளவ் ஹிட்ச் முடிச்சு போடுவது. ஷ்ரவுட்களுக்குப் பின்னால் கோடு போட்ட வெள்ளை அட்டையைச் செருகிக்கொள்ள வேண்டும். நூலை இடப்பக்க ஷ்ரவுடில் கட்டி, அடுத்ததைச் சுற்றிக் கீழே, அதையே மறுபடி சுற்றி மேலே, முனையைச் சுற்றுக்குள் இழுத்தால் முடிச்சு விழும். அப்போது இடுக்கியால் பிடித்துக் கோட்டின் மேல் நகர்த்தி மெல்ல இறுக்க வேண்டும். விரல் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் ஓர ஷ்ரவுட் மயிரிழை உள்ளே நகரும். அது ஒரு வரிசையில் தெரியாது. பத்து வரிசை ஏறிய பிறகு பக்கத்திலிருந்து பார்த்தால் ஏணி நடுவில் இடுப்பு ஒடுங்கி நிற்கும். இதைத் தவிர்க்க கீழிருந்து மேலே வரிசையாகக் கட்டாமல், முதலில் ஐந்து வரிசைக்கு ஒன்று கட்டி வடிவத்தை நிறுத்திக்கொண்டு, இடைவெளியைப் பிறகு நிரப்புவது நல்லது. படிகள் அம்பு போல் நேராக இருக்கவும் வேண்டாம், லேசான தொய்வுதான் உண்மை.

இரண்டாவது வழி, ஷ்ரவுட்களை ஊசியால் குத்தி நூலைக் கோத்துக்கொண்டு போவது. மூன்றாவது, குறுக்கே நூலை வைத்து ஒட்டிவிடுவது. 1:48, 1:64 அளவுகளில் முடிச்சுக்கு மாற்றே இல்லை. பக்கத்தில் பார்க்கும் யாருக்கும் வித்தியாசம் தெரியும். 1:96-க்குக் கீழே கதை திரும்புகிறது. அங்கே முடிச்சே படியைவிடப் பெரிதாகி, ஏணி முழுக்க மணி கோத்தது போல ஆகிவிடும். ஊசிக் கோப்பு அங்கே சுத்தமாக இருக்கும். ஒட்டும் முறையை எந்த அளவுக்கும் நான் சொல்லமாட்டேன். முதல் முறை தூசி தட்டும்போதே உதிரும்.

கப்பிகளும் டெட்ஐகளும்

கிட்டில் வரும் கப்பிகள் சதுரமாக, மூலை கூர்மையாக இருக்கும். இதற்காக எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. உட்புறம் உப்புத்தாள் ஒட்டிய டப்பாவில் போட்டுச் சுழற்றினால் ஓரம் மழுங்கி முட்டை வடிவத்துக்கு வரும். பேரிக்காய் மரத்திலோ பாக்ஸ்வுட்டிலோ செய்த கப்பிகளைத் தனியாக வாங்கினால் துளை சுத்தமாக இருக்கும், இழைக்கோடு தெரியாது. பணம் குறைவாக இருந்தால் கீழ்த்தளத்தில் கண்படும் இடங்களுக்கு மட்டும் வாங்கி, மேலே உயரத்தில் மழுக்கிய பழையவற்றையே போடலாம். 3டி அச்சில் வரும் ரெசின் கப்பிகள் வடிவத்தில் துல்லியம்தான், ஆனால் மரத்தின் பக்கத்தில் பெயின்ட் அடித்த ரெசின் தனியாகத் தெரியும். முழுக் கப்பலுக்கும் ரெசின் என்றால் சரி, கலந்து போடாதீர்கள்.

ஷ்ரவுடின் அடிமுனையை இறுக்கும் வட்டக் கட்டைகளான மூன்று துளை டெட்ஐகளில் தரத்தைவிட வரிசை முக்கியம். மேல் வரிசை கப்பலின் பக்கவாட்டுக் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். வளைத்த பித்தளைக் கம்பியின் இரு முனைகளைக் கீழ் டெட்ஐயிலும் மேல் டெட்ஐயிலும் செருகி, அந்த இடைவெளியிலேயே ஷ்ரவுடைக் கட்டினால் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். இதைக் கண் அளவில் செய்பவர்களின் தைரியம் எனக்கு இல்லை.

கயிறுகளைச் சுற்றிக் கட்டும் முளைகளான பிலேயிங் பின்களை மட்டும் அளந்து பாருங்கள். கிட்டில் 10 மி.மீ. நீளப் பின் வந்திருந்தால் 1:64 கணக்கில் அது 64 செ.மீ. நிஜப் பின் சுமார் 40 செ.மீ. நீளம்தான் இருக்கும். அந்த அளவில் நிற்கும் மனிதனே 27 மி.மீ. என்று வைத்துப் பார்த்தால், பின் அவன் முழங்காலைத் தாண்டித் தொடை வரை வரும். 6 மி.மீ. பின் வாங்குவது சின்னச் செலவு, பெரிய மாற்றம்.

தளத்தின் இணைப்புக் கோடுகள்

தளப் பலகைகளின் இடுக்கில் அடைத்த தார்ச் சணலைக் காட்டுவதற்குத்தான் இந்தக் கோடு. நிஜத்தில் கால் அங்குலம் அகலம் என்று வைத்தால் 1:64-ல் 0.1 மி.மீ. சாதாரண எழுதுதாளின் தடிமனும் அதுதான். அதனால் அந்த அளவில், பலகை விளிம்பில் கறுப்புத் தாளை ஒட்டி, காய்ந்ததும் சுரண்டி மட்டமாக்கும் முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. கோடு கூர்மையாக, ஆழமாக, தேய்த்தாலும் போகாமல் இருக்கும். 1:96-ல் அதே தாள் தளத்தைச் சிறைக் கம்பி போலக் காட்டும். அங்கே பலகை விளிம்பில் மென்மையான பென்சில் தேய்த்தால் போதும். பென்சிலில் கவனிக்க வேண்டியது, கரித்தூள் பலகை முகத்தில் பரவாமல் பார்ப்பது. உப்புத்தாளால் தேய்ப்பதைவிடக் கத்தியால் சுரண்டுவது சுத்தம். மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம். வார்னிஷ் பட்டதும் மை மரத்துக்குள் ஓடும்.

முழு நீளத்துக்கு ஒரே பலகையைப் போட்டுவிடுவது இன்னொரு வழக்கம். நிஜப் பலகை 24 அடி என்றால் 1:64-ல் 114 மி.மீ.தான். அந்த நீளத்தில் வெட்டி, முனைகள் நான்கு வரிசைக்கு ஒருமுறை ஒரே நேரில் வரும்படி அடுக்கினால், செலவே இல்லாமல் தளம் உயிர் பெறும்.

மர ஆணிகளில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. தளத்து ஆணித் தலையை மரத்தாலேயே மூடுவார்கள், நிறம் ஏறக்குறைய பலகையோடு ஒன்றிப்போகும். மாதிரிகளில் வால்நட் துண்டால் கரும்புள்ளி வைத்தால் தளத்துக்கு அம்மை போட்டது போல இருக்கிறது. மூங்கிலை 0.6 மி.மீ.க்கு இழுத்துச் செருகினால் அழகு, ஆனால் நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். மெல்லிய துளை போட்டு, பலகையைவிட ஒரு சாயல் மட்டும் மாறிய மர மாவை அடைப்பது நல்ல நடுவழி. 1:96-ல் ஒன்றுமே செய்யாமல் விடுவதுதான் சரி.

பலகைக்கு ஹாலி, மேப்பிள் போன்ற நெருக்கமான இழை மரங்கள் ஏற்றவை. மணற்கல்லால் தேய்த்துத் தேய்த்து வெளிறிய தளத்தின் சாயல் அவற்றில் இயல்பாக வரும். வால்நட்டின் துவாரங்கள் இந்த அளவில் குழிகளாகத் தெரியும். மேல்பூச்சாக ஆளிவிதை எண்ணெய் காலப்போக்கில் மஞ்சளாகும். தண்ணீரில் கரையும் மேட் பாலியூரித்தேனை மெல்லியதாக இரண்டு முறை துடைத்துப் பூசுவது எனக்குப் பிடித்தது. பளபளப்பு மட்டும் எதிலும் கூடாது.

பீரங்கியும் உலோகமும்

பித்தளை என்றால் ரசாயனக் கறுப்பாக்கம், வார்ப்பு வெள்ளை உலோகம் என்றால் பெயின்ட். பித்தளைக்கான திரவம் வெள்ளை உலோகத்தில் ஒழுங்காகப் பிடிக்காது. கறுப்பாக்கும் முன் அசிட்டோனில் எண்ணெய்ப் பசை போக்கி, வினிகரில் ஊறவைத்து அலசாவிட்டால் திட்டுத் திட்டாக வரும். ஈயம் கலந்த வார்ப்புகளை ஓக் போன்ற அமில ஆவி விடும் மரப் பெட்டிக்குள் மூடி வைத்தால் வெள்ளைத் தூளாக அரித்துவிடும் என்பதையும் பெட்டி செய்யும்போது நினைவில் வைக்கலாம். பீரங்கியைப் பின்னிழுக்கும் கப்பிக் கயிறுகளை எல்லாப் பீரங்கிக்கும் கட்டுவதா என்றால், மேல்தளத்தில் திறந்து தெரிவதற்கு மட்டும். ஆனால் அதைப் பாய்மரம் நடுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். பிறகு கை உள்ளே நுழையாது.

பாய் வேண்டுமா?

விரித்த பாய் தூரத்திலிருந்து கம்பீரம். ஆனால் துணியின் நெசவு இந்த அளவுகளில் சாக்குப்பை போலத் தடித்துத் தெரியும். பாடுபட்டுச் செய்த தளத்தையும் கயிறுகளையும் மறைத்துவிடும். போதாததற்குப் பாயோடு சேர்த்து அதைச் சுருட்டும், இழுக்கும் கயிறுகளும் கூடும். சுருட்டிக் கட்டிய பாய் என்றால் தளமும் தெரியும், குறுக்குமரங்களும் வெறுமையாக இராது. அதற்குத் துணியைவிட மெல்லிய இழைத்தாள் நல்லது. பாயின் முழு உயரத்தையும் சுருட்டினால் தலையணை மாதிரி உப்பும். மூன்றில் ஒரு பங்கு உயரம் போதும்.

பாயே இல்லாமல் விடுவதும் கௌரவமான முடிவுதான், முதல் கப்பலுக்கு நான் சொல்வதும் அதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாய் விரிக்காதபோது மேல் பாய்களின் குறுக்குமரங்கள் உயரத்தில் நிற்காது, இறக்கிக் கீழ்ப் பாய்மரத்தின் தலைப்பகுதிக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். அவற்றை உச்சியில் ஏற்றி வைத்த வெறும் கப்பல்கள் ஏராளமாக இருக்கின்றன. விஷயம் தெரிந்தவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது, கிட் பெட்டியின் படம் அதைச் சொல்லாது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்படைக்காகச் செய்த மாதிரிகளில் பல, கயிறே இல்லாமல் உடலோடு நின்றவை. அதையொட்டி, கீழ்ப் பாய்மரம், ஷ்ரவுட், ஸ்டே இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். தளம் முழுக்கத் தெரியும், தூசி தட்டுவது எளிது, பெட்டியின் உயரம் ஏறக்குறைய பாதியாகும். 74 பீரங்கிக் கப்பல் ஒன்று 1:64-ல் முழுக் கயிறுகளோடு நீளத்தில் ஒரு மீட்டரைத் தாண்டும், உயரமும் அதற்கு நெருங்கி வரும். வீட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கயிறு கட்டத் தொடங்குவதற்கு முன்பே ஒரு டேப் எடுத்து அளந்துவிடுங்கள்.